கூரை மேல போர்டு வைக்கிறது எப்படி: மலைநாட்டு டவுனுக்கு ஏத்த முழு வழிகாட்டி

புதுசா வெல்டிங் பட்டறை போட்டவங்க, போர்டு அடிக்கிற பொடியனுங்க, கடை கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற மொதலாளிமார், இவங்களுக்காக எழுதுறேன். நான் இலங்கை மலைநாட்டுல ஹட்டன் பக்கம் இந்த வேலை செய்றவன். புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரே இடத்துல தான் சறுக்குறாங்க. முதல்ல போர்ட அடிச்சிடுறாங்க, லைட்டும் போட்டுடுறாங்க, பெறகு லொறியில ஏத்திக்கிட்டு வந்து கூரைய அண்ணாந்து பாத்து எங்கடா மாட்டுறதுன்னு தலைய சொறியுறாங்க. போர்டு கடைசில வரணும். கீழ உள்ள வரிசை அதுக்காகத்தான், மாத்திப் போட்டீங்கன்னா செஞ்ச வேலைய ரெண்டாவது தடவை செய்ய வேண்டி வரும்.

1. கூரை என்ன கூரைன்னு ஏறிப் பாருங்க

ரோட்டுல நின்னு பாத்தா எல்லாமே கொங்கிரீட் ஸ்லாப் கூரை மாதிரி தான் தெரியும். முன்னாடி ஒரு சுவர் எழுப்பி பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க, பின்னாடி போய் பாத்தா வெறும் தகரம். அந்த முன்சுவர் பெரும்பாலும் ஒத்தக் கல் சுவர், பிளாக் கல்லு அடுக்கி பூசினது, உள்ள கம்பி கிடையாது. அதுல போர்ட மாட்டுறது தான் இங்க அதிகமா நடக்குற தப்பு. சுவர் தன்னோட கனத்த தாங்குமே ஒழிய காத்து தள்ளுறத தாங்காது, விழுந்தா போர்டு மட்டும் விழாது, சுவரும் சேந்து ரோட்டுக்கு வரும்.

தகரக் கூரைன்னா ஷீட்டுல ஸ்க்ரூ அடிக்கவே கூடாது. ஷீட்டுக்குக் கீழ அதத் தாங்குற இரும்பு பர்லின், இல்ல மரக் கைமரம், அதுவரைக்கும் போல்ட் போகணும், மரம்னா உளுத்திருக்கான்னு ஆணியால குத்திப் பாக்கணும். இத நான் சல்லி குடுத்து படிச்ச பாடம். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு கடைக்கு 8 அடி போர்டு ஒன்னு ஷீட்டுலயே ஸ்க்ரூ அடிச்சு நிப்பாட்டினேன். ஜூன் மாசம், ராத்திரி காத்து. காலையில போய் பாத்தா போர்டும் ரெண்டு தகரமும் ஒன்னா பின்பக்க சரிவுல கீழ் வீட்டு கோவா பாத்தியில கெடக்குது. மழையா இருந்ததால ஆள் யாரும் வெளிய இல்ல, அவ்வளவு தான் நான் தப்பிச்சது. ஸ்க்ரூ ஒன்னுகூட உடையல, எல்லாம் தகரத்தக் கிழிச்சுக்கிட்டு வந்திருந்துச்சு.

அஸ்பெஸ்டஸ் ஷீட் கூரைன்னா அதுக்கு மேல போர்டு வேணாம்னு சொல்லிடுங்க. ஆள் மிதிச்சாலே உடையுற சாமான் அது, மழையில ஊறி பாசி புடிச்ச பழைய ஷீட் பத்தி கேக்கவே வேணாம். ட்ரில் போட்டா வர்ற தூசி நுரையீரலுக்கு விஷம். அப்படிப்பட்ட கட்டடத்துல போர்ட முன்பக்கம் கொங்கிரீட் பீம்ல மாட்டுங்க, இல்லன்னா தரையில தூண் நட்டு வைங்க.

ஸ்லாப்னா நல்லது, ஆனா அதையும் கீழ இருந்து பாருங்க. சீலிங்ல வெடிப்பு, துருக் கறை, ஈரத்திட்டு இருந்தா உள்ள கம்பி துரு புடிக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். பீம் எங்க போகுது, தூண் எங்க நிக்குதுன்னு சாக்பீஸால மேல கோடு போட்டு வைங்க, போர்ட தாங்குற இரும்பு ஃப்ரேமோட கால் அந்தக் கோட்டு மேல தான் நிக்கணும்.

இன்னொன்னு. நம்ம டவுன்ல பாதிக் கட்டடத்துல அடுத்த மாடி கட்டுறதுக்குன்னு தூண் கம்பி மொட்டையா நீட்டிக்கிட்டு நிக்கும். ரெடிமேடா கம்பி இருக்கேன்னு அதுலயே போர்ட வெல்டிங் பண்ணிடுறாங்க. அந்தக் கம்பி பத்து வருஷம் மழையில நின்னது, கொங்கிரீட்டுக்குள்ள இறங்குற இடத்துல தான் துரு தின்னு மெலிஞ்சிருக்கும், மேல பாத்தா தெரியாது. வெல்டிங் சூடு பட்ட கம்பி அந்த இடத்துல மொறிஞ்சும் போகலாம். தூண் மேல ஃப்ரேம் கால நிறுத்துங்க, ஆனா கம்பிய விட்ருங்க.

தண்ணி டேங்க் ஸ்டேன்டுல கட்டுற பழக்கமும் உண்டு. 1000 லீட்டர் டேங்க் நெறஞ்சா ஒரு டன் கனம், அது ஆடக் கூடாத சாமான், போர்ட கொண்டு போய் அதுல கட்டினா காத்துக்கு அதையும் சேத்து ஆட்டும்.

2. வயர் எங்க போகுது

சமவெளி ஊர்ல கரண்ட் வயர் தலைக்கு மேல போகும். நம்ம ஊர்ல அப்படி இல்ல. ரோட்டுப் பக்கம் ஒரு மாடி, பின்பக்கம் மூணு மாடின்னு சரிவுல கட்டடம் நிக்குது, மேல் ரோட்டு போஸ்ட்ல இருந்து கீழ் ரோட்டுக்கு வயர் எறங்குது, அதனால கூரையில ஏறி நின்னா வயர் நம்ம நெஞ்சு மட்டத்துக்கு வர்ற இடம் எத்தனையோ இருக்கு.

வீட்டுக்கு வர்றது 230 வோல்ட். பெரிய போஸ்ட்ல பீங்கான் தட்டு அடுக்கி போறது 11,000 இல்லன்னா 33,000 வோல்ட். இந்தப் பெரிய லைன தொட வேணாம், நெருங்கினாலே பாயும், ஈரக் கயிறும் பச்ச மூங்கிலும்கூட கடத்தும். நாங்க வச்சிருக்கிற கணக்கு, நம்ம கையில இருக்கிற நீளமான சாமான் எந்தப் பக்கம் சாஞ்சாலும் லைனுக்கு 10 அடிக்குள்ள போகக் கூடாது. போர்டு நிக்குற இடத்த மட்டும் அளந்தா போதாது. 20 அடி பாக்ஸ் பார, அதாவது உள்ள கூடா இருக்கிற சதுர இரும்புக் குழாய, மேல தூக்கி திருப்புவீங்கல்ல, அந்தத் திருப்பத்த அளக்கணும். ஆள் சாகுறது பெரும்பாலும் அந்தத் திருப்பத்துல தான்.

10 அடி கெடைக்கலன்னா எடத்த மாத்துங்க. மாத்த முடியலன்னா மின்சார சபைக்கு 1987க்கு அடிச்சு லைன ஆஃப் பண்ணவோ கவர் போடவோ கேட்டு, அவங்க வந்த பெறகு ஏறுங்க. வயர் மேல கறுப்பு ரப்பர் இருக்கேன்னு நம்பாதீங்க, வெயிலும் மழையும் பட்டு அது வெடிச்சிருக்கும்.

3. பர்மிஷன்

அளவும் எடமும் முடிவானதும் எடுத்துடுங்க, ஃப்ரேம் அடிக்கிறதுக்கு முன்னாடியே. டவுனுக்குள்ளன்னா நகர சபை, நுவரெலியா பண்டாரவளை பதுளை மாதிரி எடத்துல மாநகர சபை, வெளியன்னா பிரதேச சபை. விளம்பரப் பலகைக்கு கட்டணம் உண்டு, அளவப் பொறுத்து. ஏ7 மாதிரி பெரிய ரோட்டோரம்னா வீதி அபிவிருத்தி அதிகார சபைகிட்டயும் கேக்க வேண்டி வரலாம், நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்தின பகுதின்னா அவங்க விதியும் இருக்கு. சபைக்குப் போகும்போது கூரை ஸ்கெட்ச், போர்டு அளவு, கட்டட சொந்தக்காரர் கையெழுத்து போட்ட கடிதம் மூணும் கொண்டு போங்க. வாடகைக் கடைன்னா அந்தக் கடிதம் ரொம்ப முக்கியம், கூரை கடைக்காரரோடது இல்ல.

பெரிய போர்டுன்னா இஞ்சினியர் கையெழுத்து கேப்பாங்க. கேக்கலன்னாலும் 50 சதுர அடிக்கு மேல போனா நான் ஒரு சிவில் இஞ்சினியர்கிட்ட காட்டாம செய்றதில்ல, அது என்னோட சட்டம்.

4. காத்துக் கணக்கு

இத தான் யாரும் போடுறதில்ல. "போர்டு என்ன 60 கிலோ தானே தம்பி, நாலு போல்ட் பத்தாதா?"ன்னு மொதலாளி கேப்பாரு. கனம் பெரிய பிரச்சினை இல்ல மொதலாளி, காத்து தான்.

கணக்கு லேசு. காத்து வேகம் மணிக்கு எத்தன கிலோமீட்டர்னு எடுத்து, அத அதாலயே பெருக்கி, 0.0048ஆல பெருக்கினா ஒரு சதுர மீட்டருக்கு எத்தன கிலோ தள்ளுதுன்னு வரும். 60 கிலோமீட்டர் காத்துக்கு 17 கிலோ. 120க்கு 69 கிலோ. வேகம் ரெட்டிப்பானா தள்ளு நாலு மடங்கு ஆகுது, அத மனசுல வைங்க. சதுர அடியில சொன்னா 120 கிலோமீட்டர் காத்து ஒரு அடிக்கு 6½ கிலோ. தட்டப் போர்டுக்கு முன்னாடி தள்ளு மட்டும் இல்ல, பின்னாடி இழுப்பும் சேந்து வரும், அதனால நான் 9 கிலோன்னு வச்சுக்குவேன்.

10 அடிக்கு 4 அடி போர்டு எடுங்க. 40 சதுர அடி, 9ஆல பெருக்கினா 360 கிலோ. ஏழு மூட்டை சீமெந்த படுக்க வச்சு தள்ளுற மாதிரி. அதோட முடியல. போர்டு ஸ்லாப்ல இருந்து 2 அடி மேல ஆரம்பிக்குதுன்னா நடுப்பகுதி 4 அடி உயரத்துல இருக்கு, முன் காலுக்கும் பின் காலுக்கும் 3 அடி தூரம்னா ஒரு பக்கக் கால் எல்லாத்தையும் சேத்து மேல இழுக்குறது 360ஐ 4ஆல பெருக்கி 3ஆல வகுத்தது, 480 கிலோ. மூணு ஃப்ரேம்னா ஒன்னுக்கு 160 கிலோ. 60 கிலோ போர்டுக்கு! கால் அகலத்த 3 அடில இருந்து 4 அடியாக்கினா 480 அப்படியே 360க்கு எறங்கிடும். போல்ட பெருசாக்குறதவிட கால அகட்டுறது தான் மலிவு.

அடுத்து, காத்து எந்தப் பக்கம் இருந்து வருது? புதுசா வர்றவங்க எல்லாரும் போர்டு மொகத்துல அடிக்கிற காத்த மட்டும் தான் நெனைப்பாங்க, பின்னாடி மட்டும் சப்போர்ட் குடுப்பாங்க. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் மழைக் காத்து பள்ளத்தாக்குல ஏறி வந்து கட்டடத்தோட முதுகுல அடிக்குது, சரிவு ஏற ஏற வேகம் கூடுது. ரோட்டுப் பக்கம் இலைகூட ஆடாது, பின்பக்கம் தகரம் தடதடக்கும். பின்பக்கம் பள்ளமா இருந்தா பின் காலும் முன் கால் மாதிரியே மேல இழுபடும்னு நெனச்சு ரெண்டு பக்கமும் ஒரே போல்ட் போடுங்க.

ஃப்ளெக்ஸ்ல ஓட்டை வெட்டி விட்டா காத்து போயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. பெருசா எதுவும் கொறையாது, ஃப்ளெக்ஸ் கிழியிறதுக்கு வழி தான் ஆகுது. முழு போர்டுக்கே கணக்கு போடுங்க.

5. ஃப்ரேம் அடிக்கிறது

முழுசா பட்டறையிலயே வெல்டிங் பண்ணி, பெயின்ட் அடிச்சு, மேல போல்ட் மட்டும் போடுற மாதிரி துண்டு துண்டா அடிங்க. ரெண்டு காரணம். கூரையில வெல்டிங் பொறி பறந்தா கீழ அட்டைப் பெட்டி, சீலிங், பக்கத்துக் கடை கூடாரம் எது வேணும்னாலும் பத்தும். ரெண்டாவது, பனியில நின்னு அவசரத்துல போட்ட வெல்டிங் வெளிய அழகா இருக்கும், உள்ள புடிச்சிருக்காது.

பாக்ஸ் பார் வாய மூடி வெல்டிங் பண்ணுங்க, ஆனா அடியில 6 எம்எம் ஓட்டை ஒன்னு விடுங்க. நம்ம பனிக்கு உள்ள தண்ணி கோத்துக்கும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்க உள்ள இருந்து துரு தின்னுட்டு வரும். நான் கழட்டின ஒரு பழைய ஃப்ரேம்ல பாரக் கையில தட்டினா ஒரு டம்ளர் தண்ணி ஊத்துச்சு, விரலால அமுக்கினா உள்ள போகுது. கால் அடித்தட்டு 6 எம்எம் தகடு, 6 இஞ்சிக்குக் கொறையாத சதுரம், நாலு ஓட்டை. இது 40 சதுர அடி போர்டுக்கு, பெருசுக்கு இஞ்சினியர் சொல்றது தான்.

6. ஏற நாளும் நேரமும் பாருங்க

ஜூன் ஜூலையில புதுப் போர்டு ஏத்துறத நான் ஒத்துக்குறதில்ல, மொதலாளி எவ்வளவு அவசரப்பட்டாலும். ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் நல்ல காலம். மார்ச் ஏப்ரல்லயும் அக்டோபர் நவம்பர்லயும் காலையில வெயிலா இருக்கும், பின்னேரம் இடி மின்னல் வந்துடும், அதனால அந்த மாசங்கள்ல 7 மணிக்கு ஆரம்பிச்சு 12 மணிக்கு எறங்கிடுங்க. மின்னல் தெரிஞ்சு 30 செக்கன்டுக்குள்ள இடி கேட்டா அந்த நிமிஷமே எறங்கணும், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழிச்சு தான் திரும்ப ஏறணும். இரும்பு ஃப்ரேம புடிச்சுக்கிட்டு மலை உச்சிக் கூரையில நிக்குற ஆளவிட மின்னலுக்கு லேசான எடம் கெடைக்காது.

காலையில ஏறினதும் ஸ்லாப் ஈரமா இருக்கும், பாசி இருக்கும். நேத்தே கம்பி பிரஷ் போட்டு தேச்சு காய விட்டிருக்கணும். கொடி ஆடுற அளவுக்கு மேல காத்து இருந்தா ஃப்ரேம் வேலை செய்யலாம், போர்ட மட்டும் தூக்கக் கூடாது.

பழைய போர்டு இருந்தா அத தொடுறதுக்கு முன்னாடி பின்னாடி எட்டிப் பாருங்க, குளவி கூடு கட்டியிருக்கும். தோட்டத்துல கொழுந்து எடுக்குறவங்க குளவி கொட்டினா ஓடவாவது எடம் இருக்கு, கூரையில ஓடுறதுக்கு எங்க எடம்? கூடு இருந்தா அன்னைக்கு வேலை கிடையாது.

7. ஏறுறது, கட்டிக்கிறது

ஏணிய நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி வெளிய தள்ளி வைங்க, நுனி கூரை விளிம்புக்கு மேல மூணு அடி நீட்டணும், மேல கட்டணும், கீழ ஒருத்தர் புடிக்கணும். அந்த மூணு அடி எதுக்குன்னா, ஏணில இருந்து கூரைக்கு கால் மாத்தும்போது கைக்கு பிடிமானம் வேணும், ஆள் விழுறதே அந்த எடத்துல தான். பின்பக்கம் சரிவுன்னா ஏணி வேணாம், சாரம் கட்டுங்க. சாரம்னா உடுக்குற சாரம் இல்ல, பைப்பு சாரம். அத சொல்லும்போது உடுக்குற சாரத்தையும் சொல்லிடுறேன், அத மடிச்சுக் கட்டிக்கிட்டு பாட்டா செருப்போட கூரையில ஏறுற பழக்கத்த விடுங்க.

இடுப்புல மட்டும் கட்டுற பெல்ட் வேணாம், விழுந்தா இடுப்ப முறிக்கும். தோளு, தொடை ரெண்டுலயும் மாட்டுற முழு ஹார்னஸ் வாங்குங்க. கொக்கிய எதுல மாட்டுறதுன்னு ஏறுறதுக்கு முன்னாடியே முடிவெடுக்கணும். தூண், பீம்ல சுத்தின கயிறு, சரி. டேங்க் பைப்பு, ஒத்தக் கல் சுவர், அப்பத்தான் நிறுத்தின ஃப்ரேம், இதுல மாட்டவே கூடாது. புதுசா வர்ற பொடியனுங்க எல்லாரும் ஃப்ரேம்ல தான் மாட்டுவாங்க, கைக்கு எட்டுற தூரத்துல இருக்குன்னு. கயிறு நீளத்தையும் பாருங்க, 6 அடி கயிறு கட்டிக்கிட்டு 8 அடில தரை இருந்தா பெல்ட் கட்டினதும் ஒன்னு தான் கட்டாததும் ஒன்னு தான்.

கீழ ரோட்டுல கயிறு கட்டி ஆள் போகாம மறிங்க. பஸ் நிக்குற எடம்னா ஞாயித்துக்கிழமை காலையில செய்ங்க. ஒருத்தர் கீழயே நிக்கணும், ஃபோன் அவர் கையில இருக்கணும், 1990 அம்புலன்ஸ் நம்பர் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். ஆள் பெல்ட்ல தொங்கினா உடனே எறக்கணும், தொங்க விட்டுட்டு வேடிக்கை பாத்தா கால்ல ரத்தம் தேங்கி ஆள் மயங்கிடுவாரு.

8. போல்ட் அடிக்கிறது

கொங்கிரீட்டுக்குள்ள இறங்கிப் புடிக்கிற 12 எம்எம் எங்கர் போல்ட், ஸ்லாப் விளிம்புல இருந்து 5 இஞ்சியாவது உள்ள தள்ளி. விளிம்புல அடிச்சா இறுக்கும்போதே கொங்கிரீட் துண்டா உடைஞ்சு வரும். ட்ரில் போட்டதும் ஓட்டைக்குள்ள இருக்கிற தூசிய ஊதி, பிரஷ் போட்டு, திரும்ப ஊதி எடுங்க. இத விட்டா போல்ட் கொங்கிரீட்ட புடிக்காது, தூசிய தான் புடிக்கும், இறுக்கும்போது இறுகின மாதிரி இருக்கும், ஒரு மழைக்காலம் போனா கையால ஆட்டலாம்.

ட்ரில்லுல கம்பி பட்டா அத வெட்டாம ஓட்டைய தள்ளிப் போடுங்க. தட்டுக்கு அடியில சீலன்ட் தடவி, போல்ட சுத்தியும் அடிங்க, இல்லன்னா அடுத்த மாசம் மொதலாளி ஃபோன் பண்ணுவாரு, கடைக்குள்ள ஒழுகுதுன்னு. நட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் கட்டாயம், காத்து ஆட்ட ஆட்ட நட்டு தானா கழறும்.

ஓட்டையே போட விடமாட்டேன்னு சொந்தக்காரர் சொன்னா கொங்கிரீட் கட்டி வச்சு கனத்துல நிறுத்தலாம். மேல சொன்ன 480 கிலோவ மறந்துட்டு நாலு மணல் மூட்டை வைக்காதீங்க, சாக்கு ஒரு வருஷத்துல இத்துப் போய் மணல் மழையில கரைஞ்சுடும். அவ்வளவு கனத்த ஸ்லாப் தாங்குமான்னும் இஞ்சினியர்கிட்ட கேக்கணும்.

9. போர்ட மேல ஏத்துறது

ஃப்ரேம் நின்னு எல்லா போல்ட்டும் இறுகின பெறகு தான் போர்டு கீழ இருந்து கிளம்பணும். ரெண்டு கயிறு தூக்குறதுக்கு, ரெண்டு கயிறு கீழ இருந்து ஆட்டத்த அடக்குறதுக்கு. காஞ்ச நைலோன் கயிறு. தூக்குறவங்க விளிம்புல நிக்காம உள்ள தள்ளி நிக்கணும். காத்து திடீர்னு அடிச்சா போர்ட விட்ருங்கன்னு முன்னாடியே சொல்லி வைங்க, ரோட்ட மறிச்சது அதுக்குத்தான். போர்ட புடிச்சு காப்பாத்தப் போன ஆள் தான் போர்டோட போவாரு.

மேல வந்ததும் நாலு மூலைக்கும் ஒவ்வொரு போல்ட் உடனே போட்டு, அப்புறம் மத்தத போடுங்க. பாதி போல்ட் போட்டுட்டு சாப்பாட்டுக்கு எறங்காதீங்க. கூரைக்குப் போற படி, தண்ணி டேங்குக்குப் போற வழி, இத போர்டு மறிக்கக் கூடாது, நெருப்பு புடிச்சா ஆளுங்க கூரைக்குத் தான் ஓடி வருவாங்க.

10. கரண்ட்

எலக்ட்ரீஷியன் வேலை எலக்ட்ரீஷியனுக்கு. அவர் வந்ததும் நீங்க கேக்க வேண்டியது மட்டும் சொல்றேன். போர்டுக்கு தனி பிரேக்கர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், ஃப்ரேமுக்கு எர்த். இந்த மூனும் இல்லாம லைட் எரிய விடாதீங்க. ஈரக் கூரையில இரும்பு ஃப்ரேம்ல கசிவு இருந்தா அடுத்து டேங்க் கழுவ ஏறுற பொடியன் தான் தொடுவான். எல்இடி பவர் சப்ளை மழை படாத பெட்டிக்குள்ள, வயர் முழுக்க குழாய்க்குள்ள. குழாய் எதுக்குன்னா வெயிலுக்கு மட்டும் இல்ல, குரங்குக்கும் தான், தொங்குற வயர பாத்தா அதுக்கு ஊஞ்சல். சுவிட்ச் கீழ, கடைக்குள்ள இருக்கணும், அப்பத்தான் மின்னல் நேரத்துல ஆஃப் பண்ண யாரும் மேல ஏற மாட்டாங்க.

11. எறங்கின பெறகு

ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை ஏறி எல்லா நட்டையும் இறுக்குங்க, புது ஃப்ரேம் உக்காரும்போது கொஞ்சம் தளரும். அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஏப்ரல் கடைசில, மழைக் காத்து ஆரம்பிக்க முன்னாடி. வெல்டிங் மூட்டுல துரு, அடித்தட்ட சுத்தி வெடிப்பு, அடைபட்ட தண்ணி ஓட்டை, கிழிஞ்ச ஃப்ளெக்ஸ், இதையெல்லாம் ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து தேதியோட வைங்க, போன வருஷ ஃபோட்டோவ பக்கத்துல வச்சு பாத்தா தான் துரு எவ்வளவு நடந்திருக்குன்னு தெரியும். பில்லுலயே இந்த வருஷாந்த செக்கிங்க ஒரு வரி எழுதி சல்லிய சேத்து வாங்கிடுங்க, பெறகு கேட்டா எந்த மொதலாளியும் தரமாட்டாரு.

கடை மூடினா, பேர் மாறினா, பழைய ஃப்ரேமையும் கழட்டுங்க. ஃப்ளெக்ஸ மட்டும் உருவிட்டு இரும்ப விட்டுட்டுப் போனா அத யாரும் செக் பண்ண ஏற மாட்டாங்க. கழட்டின பெறகு போல்ட் ஓட்டைய கிரவுட் போட்டு அடைச்சுட்டு எறங்குங்க.